விலை தெரிகிறது, ஓவியம் தெரியவில்லை

தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் இரண்டு பெரிய கற்சிலைகள் நிற்கின்றன. ஒன்று யட்சன், மற்றொன்று யட்சி. தொழிலையும் வேளாண்மையையும் குறிப்பவை. சாந்திநிகேதனின் சிற்பி ராம்கிங்கர் பைஜ், காங்ரா பள்ளத்தாக்கிலிருந்து கல்லைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் உழைத்து, 1960-களில் செய்து முடித்தவை. அவைக்கு வரும் உறுப்பினர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எனத் தலைநகரின் அரசியல் உலகம் முழுவதும் தினமும் கடந்து செல்லும் சாலை அது. அச்சிலைகளைச் செய்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆனால் அந்த யட்சி நாடாளுமன்றத்தால் ஒருமுறை கவனிக்கப்பட்டதுண்டு. ஆடையற்ற பெண் உருவத்தை அரசு வங்கியின் வாசலில் நிறுத்தலாமா என்று அக்காலத்தில் மாநிலங்களவையில் கேள்வி எழுப்பப்பட்டது. சிலையின் அழகோ, அதைச் செய்த கலைஞனோ விவாதப் பொருளாகவில்லை. ஆட்சேபம்தான் விவாதப் பொருளாயிற்று. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் மாறவில்லை. நம் பொதுவாழ்வில் தற்கால ஓவியமும் சிற்பமும் இரண்டு வழிகளில் மட்டுமே செய்தியாகின்றன. ஒன்று, யாரேனும் புகார் கொடுக்க வேண்டும். அல்லது, யாரேனும் கோடிக்கணக்கில் விலை கொடுக்க வேண்டும்.

இந்த இரு வழிகளுக்கும் ஒருசேர எடுத்துக்காட்டு எம்.எஃப். ஹுசேன். பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர், 1986-ல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். இலக்கியம், அறிவியல், கலை, சமூகசேவை ஆகியவற்றில் சிறப்பறிவும் அனுபவமும் உள்ளவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 80-ஆவது பிரிவு சொல்கிறது. அதன்படி அவைக்குள் வந்த ஓவியர்களும் சிற்பிகளும் மிகச் சிலரே. 6 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஹுசேன் அங்கே பேசியதைவிட வரைந்ததே அதிகம். சக உறுப்பினர்களையும் அவையின் காட்சிகளையும் கோடுகளில் பதிவு செய்து நூலாக்கினார்.

பின்னர் நடந்தது அனைவரும் அறிந்ததே. 1996 முதல் அவரது ஓவியங்களுக்கு எதிராகப் போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. 2006-ல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்குகளை ரத்து செய்த பிறகும் திரும்பி வரவில்லை. 2010-ல் கத்தார் நாட்டுக் குடியுரிமையை ஏற்றார். 2011 ஜூனில் லண்டனில் காலமானார். மறைவுக்குப் பிறகும் கதை முடியவில்லை. 2025 ஜனவரியில், தில்லியில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவரது 2 ஓவியங்களைக் கைப்பற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டே மாதங்களில், 1954-ல் அவர் வரைந்த "கிராம யாத்திரை" நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ ரூ. 118 கோடிக்கு விலைபோனது. அதே ஆண்டு நவம்பரில் கத்தார் தலைநகர் தோகாவில் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

"கிராம யாத்திரை" பல பத்தாண்டுகள் நார்வே நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுவரில் தொங்கியது. நோயாளிகளும் செவிலியர்களும் பார்த்திருப்பார்கள். உழவனும் மாட்டுவண்டியும் திரிகையில் மாவரைக்கும் பெண்ணும் நிறைந்த, நம் கிராமங்களைப் பற்றிய அந்த ஓவியத்தை நம் கிராமத்தார் எவரும் பார்த்ததில்லை. ஏலச் செய்தியை வெளியிட்ட பத்திரிகைகளில் பல, தொகையைத் தலைப்பில் போட்டன. ஓவியத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னவை குறைவு. விலை நமக்குத் தெரிகிறது. ஓவியம் தெரியவில்லை.

தற்காலக் கலை பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அரசியலில் அக்கறை உள்ளவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு 1938-லேயே காந்தியடிகள் பதில் அளித்துவிட்டார். குஜராத்தின் ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதை அலங்கரிக்க நந்தலால் போஸை அவர் அழைத்தார். உழவர், தச்சர், செருப்பு தைப்பவர், மத்தளம் அடிப்பவர், சமைக்கும் பெண் என்று அன்றாட உழைப்பாளிகளைத் தடித்த கோடுகளிலும் மண் நிறங்களிலும் தீட்டிய ஓவியங்கள் மாநாட்டுத் திடலெங்கும் வைக்கப்பட்டன. கூட்டத்துக்கு வந்த விவசாயி நடந்துகொண்டே பார்க்கலாம், நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. பின்னாளில் அரசியல் சாசனத்தின் மூலப்பிரதியை ஓவியங்களால் அணி செய்யும் பொறுப்பும் நந்தலாலிடமும் அவரது மாணவர்களிடமுமே தரப்பட்டது. விடுதலை பெற்ற தேசம் தன் முதல் ஆவணத்தை எழுத்தால் மட்டும் எழுதவில்லை, சித்திரத்தாலும் எழுதியது.

1954-ல் இந்த எண்ணத்துக்கு நிறுவன வடிவம் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஆகஸ்டில் லலித் கலா அகாடமி தொடங்கப்பட்டது. அகாடமியின் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றியவர். மெரினாவில் நிற்கும் "உழைப்பாளர் சிலை" அவருடையது. தில்லியில் மக்கள் "கியாரா மூர்த்தி" என்று அழைக்கும் தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதியும் அவருடையதே. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சாகியிருந்ததும் தண்டி யாத்திரைக் காட்சிதான். கோடிக்கணக்கான இந்தியர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். சிற்பியின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

அந்த நிறுவனங்களின் இன்றைய நிலை என்ன? தேசிய நவீனக் கலைக்கூடத்திடம் 17,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. 2009-ல் புதிய கட்டடம் கட்டி இடத்தை விரிவாக்கிய பிறகும், ஒரே சமயத்தில் காட்சிக்கு வைக்க முடிவது அவற்றில் ஒரு சிறு பகுதியையே. எஞ்சியவை கிடங்கில் உறங்குகின்றன. மும்பையிலும் பெங்களூரிலும் மட்டுமே அதற்குக் கிளைகள் உண்டு. லலித் கலா அகாடமியின் நிர்வாகத்தையோ, முறைகேட்டுப் புகார்களைக் காரணம் காட்டி 2015 ஏப்ரலில் மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. கலைஞர்களின் தன்னாட்சி அமைப்பு என்ற கனவு அதற்கு முன்பே கோஷ்டிப் பூசல்களில் சிதைந்துகொண்டிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. நாடாளுமன்றத்திலும் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றப்படும் நிலையில், பண்பாட்டுத் துறையின் செலவினத்தை யார் கேள்வி கேட்பது?

அரசு முயன்றாலும் இத்துறையில் எதுவும் நடக்காது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். போபாலில் 1982 பிப்ரவரியில் இந்திரா காந்தி திறந்து வைத்த "பாரத் பவன்" நல்ல மறுமொழி. அதன் நுண்கலை அருங்காட்சியகமான "ரூபங்கர்"-ஐ உருவாக்கும் பொறுப்பு ஜெ. சுவாமிநாதனிடம் தரப்பட்டது. சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் கம்யூனிஸ்ட் ஊழியர், பத்திரிகையாளர், பின்னர் நாடறிந்த ஓவியர். அவர் செய்த முதல் காரியம், ஓவிய மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நகரத்து ஓவியனும் காட்டுக் கிராமத்து ஓவியனும் ஒரே காலத்தில் வாழ்பவர்கள் என்றால், இருவருமே தற்காலக் கலைஞர்கள்தாமே? ஒருவனைக் கலைக்கூடத்திலும் மற்றவனை மானுடவியல் அருங்காட்சியகத்திலும் வைப்பது என்ன நியாயம்? இதுவே சுவாமிநாதனின் வாதம். இரண்டு வகைப் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்.

அப்படிச் சென்ற குழுவின் கண்ணில் பட்டது, பாடன்கர் என்ற கோண்டுக் கிராமத்தில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம். வரைந்தவர் ஜன்கர் சிங் ஷ்யாம் என்ற இருபது வயது இளைஞர். போபாலுக்கு அழைத்துவரப்பட்டார். காகிதமும் வண்ணமும் அச்சுப்பட்டறையும் கிடைத்தன. தன் இனத்தின் பாணர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த தெய்வங்களுக்கும் விலங்குகளுக்கும் அவர் புள்ளிகளாலும் கோடுகளாலும் உருவம் கொடுத்தார். 1989-ல் பாரிஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற உலகக் கண்காட்சி ஒன்றில் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேச சட்டமன்றக் கட்டடத்தின் சுவரிலும் அவர் வரைந்தார். மக்கள் பிரதிநிதிகள் கூடும் அவையில், வேறெவரையும்விட நெடுங்காலமாக அம்மண்ணில் வாழ்ந்தவர்களின் தெய்வங்களும் பறவைகளும் இடம்பிடித்தன. அரசியல் இதைவிட வேறு என்ன?

பாரத் பவன் கட்டுமானத்தில் கல்லும் மண்ணும் சுமந்த பூரி பாய் என்ற பில் இனப் பெண்ணையும் சுவாமிநாதனே வரையத் தூண்டினார். அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஜன்கரின் உறவினரும் மாணவருமான பஜ்ஜு ஷ்யாம், லண்டன் நகரைத் தன் கண்ணால் கண்டு வரைந்த நூலை 2004-ல் வெளியிட்டது சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம். அவரும் 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு மாநில அரசின் ஒரு நிறுவனமும், பார்க்கத் தெரிந்த ஒரு மனிதரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் இக்கதைக்கு மறுபக்கம் உண்டு. 2001 ஜூலையில், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையச் சென்ற இடத்தில் ஜன்கர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதை ஒட்டிய காலம் அது. அவருக்குப் பேசப்பட்ட ஊதியமும் அவர் அங்கு இருந்த நிலையும் அப்போது கலைஞர்களால் கேள்விக்குள்ளாக்கப்பட்டன. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கண்டுபிடிக்கப்பட்ட கலைஞனுக்கு உரிய கூலியும் ஒப்பந்தமும் பாதுகாப்பும் வேண்டும் என்பதே அம்மரணம் சொல்லும் பாடம்.

இங்கேதான் நாடாளுமன்றத்துக்கு வேலை இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தின் மூலம் 53-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் ஓவியத்தின் அல்லது சிற்பத்தின் மூலப்படைப்பு ரூ. 10,000-க்கு மேல் மறுவிற்பனை செய்யப்பட்டால், அந்த விலையில் பங்கு பெற அதைப் படைத்தவருக்கும் அவரது வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே வரம்பு. நல்ல சட்டம். ஆனால் நடைமுறையில் அது ஏட்டுச் சுரைக்காய். இளமையில் சில நூறு ரூபாய்க்குத் தன் ஓவியத்தை விற்ற கலைஞன், முதுமையில் அது கோடிகளுக்குக் கைமாறுவதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறான். ஓவிய விற்பனைக்கான சரக்கு-சேவை வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்த அரசு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் காட்டிய அதே அக்கறையைப் படைத்தவருக்கும் காட்ட வேண்டாமா? எந்தக் கட்சி உறுப்பினராயினும் இது குறித்து ஒரு கேள்வியேனும் எழுப்புவது அவசியம்.

அண்டை மாநிலமான கேரளம் இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே, ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று நடத்தியது. சங்கப் பாடல்கள் போற்றிய முசிறியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் அரசுப் பணத்தைப் பற்றிக் கடும் சர்ச்சை எழுந்தது. எனினும் முன்னணிகள் மாறி மாறி ஆண்டபோதும் அரசின் ஆதரவு தொடர்ந்தது. ஃபோர்ட் கொச்சியின் பழைய மிளகுக் கிடங்குகளில் ஆட்டோ ஓட்டுநரும் பள்ளி மாணவரும் மீனவக் குடும்பங்களும் உலகின் முக்கியமான கலைஞர்களின் படைப்புகளைப் பார்க்கிறார்கள். ரசனை என்பது பிறப்பால் வருவதன்று. வாய்ப்பால் வருவது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

"பார்த்தால் எதுவும் புரியவில்லையே" என்பது பொதுவாகக் கேட்கும் குறை. நியாயமான குறைதான். ஆனால் நிதிநிலை அறிக்கையை முதல் முறை படித்தபோது நம்மில் யாருக்குப் புரிந்தது? வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் பத்திரிகை படித்துத்தான் கற்றுக்கொண்டோம். கண்ணுக்கும் அதே பயிற்சி வேண்டும். ஒரு கண்காட்சியில் நூறு படங்களை அரை மணியில் கடந்து செல்வதைவிட, ஒரே படத்தின் முன் பத்து நிமிடம் நிற்பது மேல். கோண்டு ஓவியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். அருகில் சென்றால், உருவத்தை நிரப்பும் புள்ளிக்கோல அமைப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்பது தெரியும். அதுவே அவர்களின் கையெழுத்து. அதை ஒருமுறை கண்டுகொண்டவர், பெயர்ப்பலகையைப் பார்க்காமலேயே வரைந்தவரை அடையாளம் காண்பார்.

உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அவர்கள் வாழும் காலமே நாம் வாழும் காலம். தில்லியில் வாழும் அர்பிதா சிங், 1937-ல் பிறந்தவர். வீடும் விமானமும் துப்பாக்கியும் பூக்களும் முதுமையடைந்த பெண்களும் நெருக்கியடிக்கும் அவரது ஓவியங்களில் கடந்த 40 ஆண்டுகளின் தலைநகர் வாழ்க்கை இருக்கிறது. லண்டனின் ஒரு முக்கிய கலைக்கூடம் 2025-ல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அவைக் குறிப்புகளில் பதிவாகாத அச்சத்தையும் ஏக்கத்தையும் அந்தக் கான்வாஸ்களில் படிக்கலாம். வரலாறு எழுதப்போகிறவர்களுக்கு இரண்டுமே ஆவணங்கள்தாம்.

தமிழர்களான நமக்கு இதில் பெருமைப்படவும் வருத்தப்படவும் இடமுண்டு. 1850-ல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியக் கல்லூரி, நாட்டின் மிகப் பழமையான கலைக் கல்லூரிகளுள் ஒன்று. அதன் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம், கலைஞர்கள் தங்கள் உழைப்பாலேயே எழுப்பிய கிராமம். சிறுபத்திரிகை அட்டைகளில் ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்து வளர்ந்த ஒரு வாசகத் தலைமுறையே இங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி நினைவிடத்தின் கருங்கல் புடைப்புச் சிற்பங்களை வடித்த ஏ. ராமச்சந்திரன், 2024 பிப்ரவரியில் தில்லியில் மறைந்தார். ஆண்டுதோறும் தலைவர்கள் மலர்வளையம் வைக்கும் இடம் அது. அங்கே எடுக்கப்படும் படங்களில் பின்னணியாக நிற்கும் சிற்பத்தின் கர்த்தாவுக்கு ஒரு வரி அஞ்சலியாவது கிடைத்ததா?

ஆகவே கோரிக்கைகள் எளியவை. தேசிய நவீனக் கலைக்கூடத்தின் கிளை ஒன்று சென்னையில் அமைய வேண்டும். அது உடனே கைகூடாவிட்டாலும், கிடங்கில் உறங்கும் படைப்புகள் மதுரைக்கும் கோவைக்கும் திருநெல்வேலிக்கும், ஏன், ராஞ்சிக்கும் ராய்ப்பூருக்கும்கூட சுற்றுக்கண்காட்சியாகச் செல்ல வேண்டும். மறுவிற்பனைப் பங்குரிமை நடைமுறைக்கு வர வேண்டும். கட்டடச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் முறையை பிரான்ஸ் 1951 முதல் கடைப்பிடிக்கிறது. நம் அரசுக் கட்டடங்களிலும் அது கட்டாயமாக்கப்பட வேண்டும். குறைந்தபட்சம், பொது இடத்தில் உள்ள ஒவ்வொரு சிலைக்கும் கீழே, திறந்து வைத்தவரின் பெயரைப் பொறிக்கும் அதே அளவு எழுத்தில் செய்தவரின் பெயரையும் பொறிக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் பெரிதாகத் தேவையில்லை. மனம் மட்டுமே தேவை.

அரசு செய்யும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மையம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தற்காலக் கலைக்கூடம் இருக்கிறது. சோழமண்டலத்திலும் அருங்காட்சியகம் உண்டு. தில்லிக்கு ஏதேனும் மனு கொடுக்கவோ, மாநாட்டுக்கோ வரும் தமிழ் நண்பர்கள், இந்தியா கேட் அருகிலேயே இருக்கும் ஜெய்ப்பூர் மாளிகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நந்தலாலின் ஹரிபுரா ஓவியங்களில் பலவும் அக்கலைக்கூடத்தின் உடைமைகளே.

கலைஞனின் பெயரை அறியாத சமூகம் இரண்டு வகையில் ஏமாற்றப்படுகிறது. கொளுத்தச் சொல்பவர் சொன்னால், பார்க்காமலே நம்பிவிடுகிறது. கோடி என்று சொன்னால், பார்க்காமலே வியந்துவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். முதலில், நம் கண்ணால் நாமே பார்ப்பது.